பட்டா யார் பெயரில்? – இரண்டு ஸ்பீட்வே அரங்குகள்

மான்செஸ்டரின் ஹைட் ரோடு அரங்கு 1929 மார்ச் 23 அன்று திறக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வே பந்தயத்துக்கென்றே எழுந்த அரங்கு அது. ஏறக்குறைய அதே காலத்தில், 1928-ல், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் இன்னொரு பெரிய அரங்கு கட்டி முடிக்கப்பட்டது. ஓட்டப்பந்தயம், கால்பந்து, அணிவகுப்பு இவற்றை மனத்தில் வைத்துக் கட்டியது. மோட்டார் சைக்கிளுக்கு அதன் திட்டத்தில் இடமே இல்லை. ஹைட் ரோடு அரங்கு 1987-ல் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, கார் ஏல வளாகமானது. பிரெஸ்லாவ் அரங்கோ ஊர்ப் பெயர் வ்ரோத்ஸ்வாஃப் என்று மாறி, நாடு போலந்தாகி, குடியிருந்த மக்களே அடியோடு மாறிப்போன பிறகும் அதே இடத்தில் நிற்கிறது. இன்று ஐரோப்பாவின் முன்னணி ஸ்பீட்வே அரங்குகளில் ஒன்று அது.

ஸ்பீட்வேக்கென்று பிறந்த அரங்கு போய்விட்டது. தற்செயலாக ஸ்பீட்வேக்கு வாய்த்த அரங்கு பிழைத்துக்கொண்டது. இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம், பிரிட்டனில் ஆர்வம் வற்றிப்போனது, போலந்தில் பெருகியது என்பது. பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட ரசிகர் கூட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. நிலம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். ஸ்பீட்வே வண்டியில் 500 சிசி எஞ்சின், ஒற்றை சிலிண்டர், ஒரே கியர். எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. ஒரு ஹீட்டில், அதாவது ஓர் ஓட்டத்தில், நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம்.

தடம் தார் போட்டதல்ல. ஆரம்ப காலத்தில் நிலக்கரிச் சாம்பல் கட்டிகளை நொறுக்கிப் பரப்பினார்கள்; பிறகு பாறைத்தூள். அந்தத் தளர்ந்த பரப்பில் பிரேக் இல்லாத வண்டியைத் திருப்ப ஒரே வழிதான் உண்டு: பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு, முன் சக்கரத்தை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்க வைப்பது. இடது காலைத் தரையில் ஊன்றியபடி சறுக்குவதால் அந்தப் பூட்சின் அடியில் இரும்புத் தகடு மாட்டிக்கொள்வார்கள். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடாக்கள் விருட்டென்று மேலே எழும். நான்கு வண்டிகளும் ஒரே வளைவுக்குள் ஒன்றாகப் பாயும். பின்னால் வருபவர் முகத்தில் மண் வாரி அடிக்கும். வேலியோரம் நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ஹீட் முடிந்ததும் ரசிகர்கள் பேனாவை எடுத்துக் கையிலிருக்கும் நிகழ்ச்சிநிரலின் கட்டங்களில் புள்ளிகளை நிரப்புவார்கள். தடத்தைச் சீப்பு போட்டதுபோல் டிராக்டர் இழுத்துச் சமன் செய்யும்; தண்ணீர் வண்டி நனைத்துவிட்டுப் போகும். ஒரு மாலைக்கு இப்படிப் பதினைந்து ஹீட்.

இந்த விளையாட்டின் தோற்றத்துக்குப் பல ஊர்கள் உரிமை கோரினாலும், ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் 1923 டிசம்பரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்தைத்தான் பெரும்பாலோர் குறிப்பிடுவார்கள். அவர் அங்கே வேளாண் கண்காட்சிச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் இது பற்றிக்கொண்டது 1928 பிப்ரவரி 19 அன்று. லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுக்கடையின் பின்புறத் திடலில் நடந்த பந்தயத்தைப் பார்க்க, அமைப்பாளர்கள் நினைத்ததைப்போலப் பல மடங்கு கூட்டம் திரண்டது. அந்த ஆண்டே நாடு முழுக்கத் தடங்கள் முளைத்தன. கூட்டம் இருக்கும் இடத்தை முதலாளிகள் எவ்வளவு வேகமாக மோப்பம் பிடிப்பார்கள் என்பதற்கு 1928-ம் ஆண்டின் இங்கிலாந்து நல்ல உதாரணம்.

மான்செஸ்டரில் மோப்பம் பிடித்தது ஒரு மிருகக்காட்சிசாலை. ஜான் ஜெனிசன் 1836-ல் தொடங்கிய பெல் வியூ, வெறும் மிருகக்காட்சிசாலையாக நின்றுவிடவில்லை. நடனக்கூடம், வாணவேடிக்கை, படகுக் குளம், ராட்டினம் எல்லாம் ஒரே மதிலுக்குள். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து குவியும் இடம். (1872-ல் இந்தக் காட்சிசாலை எடின்பரோவில் ஏலத்தில் எடுத்த மகாராஜா என்ற ஆசிய யானை, ஏற்றிய ரயில் பெட்டியையே உடைத்துவிட்டது. பாகன் அதை மான்செஸ்டர் வரை நடத்தியே கூட்டி வந்தார். அதன் எலும்புக்கூடு இன்றும் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.) இருபதாம் நூற்றாண்டில் பெல் வியூ குடும்பச் சொத்து நிலையிலிருந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. புதிதாக எது கூட்டம் சேர்க்குமோ அதைக் கொண்டுவருவதே நிறுவனத்தின் கொள்கை. 1926-ல் பக்கத்து கிர்க்மன்ஷூம் லேனில் பிரிட்டனின் முதல் நாய்ப் பந்தய அரங்கு வந்தது. 1928 கோடையில் அந்த அரங்கிலேயே ஸ்பீட்வேயையும் ஓட்டிப் பார்த்தார்கள். நாய்களுக்கான தடத்தில் இடம் போதவில்லை, ஆனால் டிக்கெட் விற்றது. மறு ஆண்டே பெல் வியூ தன் சொந்த நிலத்தில், பழைய தடகளத் திடலை மாற்றி, ஹைட் ரோட்டில் தனி அரங்கு எழுப்பியது.

நல்ல அரங்கு. நீளமும் அகலமும் தாராளம், வளைவுகளில் சற்றே சரிவு. ஒரு சுற்று 418 கஜம். முந்திச் செல்ல இடமிருக்கும் தடத்தில்தான் ஸ்பீட்வே உயிர் பெறும். இல்லையென்றால் நாடா எழும்பிய முதல் இரண்டு நொடியிலேயே முடிவு தெரிந்துவிடும். ஹைட் ரோட்டில் கடைசி வளைவு வரைக்கும் முடிவு மாறலாம். ஏஸஸ் என்று பெயர் சூட்டப்பட்ட பெல் வியூ அணி 1933 முதல் 1936 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தேசிய லீக்கை வென்றது. ஃபிராங்க் வேரி, எரிக் லாங்டன், மேக்ஸ் குரோஸ்குரூட்ஸ், பில் கிச்சன் என்று அந்த அணியின் பெயர்கள் மான்செஸ்டரில் கால்பந்து வீரர்களின் பெயர்களுக்கு இணையாகப் புழங்கின. ஓடுதளத்துக்கு நடுவில் இருந்த புல்வெளியில் ரக்பி லீக் அணி ஒன்றும் பல ஆண்டுகள் ஆடியது. ஆனாலும் வீட்டுக்காரன் ஸ்பீட்வேதான், மற்றவர்கள் குடியிருப்பவர்கள்.

இனி பிரெஸ்லாவ். 1926 முதல் 1928 வரை அந்த நகரம் கட்டிய அரங்குக்கு ஷ்லேசியர்காம்ப்பான் என்று பெயர்; சைலீசியர்களின் களம் என்று பொருள். வடிவமைத்தவர் ரிச்சர்ட் கொன்வியார்ஸ். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கட்டடக்கலைக்கும் பதக்கம் இருந்தது. அன்றைக்கு ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலை எல்லாமே ஒலிம்பிக் போட்டிப் பிரிவுகள். இந்த அரங்கின் வடிவமைப்புக்காகக் கொன்வியார்ஸ் வெண்கலம் வாங்கினார். இன்று அது ஒலிம்பிக் அரங்கு என்று அழைக்கப்படுவதற்கும் ஒலிம்பிக்குக்கும் உள்ள நேரடி உறவு அந்த ஒரு பதக்கம்தான். ஒலிம்பிக் போட்டி எதுவும் அங்கே நடந்ததில்லை.

நாஜிகள் வந்ததும் அரங்கு அவர்களுக்குப் பிடித்துப்போனது. விரிவாக்கினார்கள், ஹெர்மன் கோரிங்கின் பெயரைச் சூட்டினார்கள். 1937 மே 16 அன்று ஜெர்மனியின் கால்பந்து அணி டென்மார்க்கை 8–0 என்று தோற்கடித்தது இங்கேதான். அதில் ஐந்து கோல் ஓட்டோ சிஃப்லிங் போட்டவை. ‘பிரெஸ்லாவ் பதினொருவர்’ என்று ஜெர்மன் கால்பந்து வரலாறு இன்றும் அந்த அணியைச் சொல்கிறது. 1938-ல் ஜெர்மன் உடற்பயிற்சி, விளையாட்டுப் பெருவிழா. ஆட்சி தன்னைத் தானே காட்டிக்கொள்ள ஏற்ற மேடை. பொதுப்பணத்தில் எழுந்த அரங்குகளுக்கு இது ஒரு சாபம்: யார் ஆட்சிக்கு வந்தாலும் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டுவார்கள். ஆனால் பலகையை மாட்டுபவர்கள் கட்டடத்தை இடிப்பதில்லை.

இரண்டு அரங்குகளும் இரண்டாம் உலகப் போரைக் கடந்த விதத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டனில் ஸ்பீட்வே ஏறக்குறைய நின்றே போயிற்று. வீரர்கள் ராணுவத்துக்குப் போனார்கள், தடங்கள் மூடப்பட்டன. ஹைட் ரோடு மூடவில்லை. நிர்வாகி இ. ஓ. ஸ்பென்ஸ் போர்க்காலம் முழுவதும் பந்தயம் நடத்திக்கொண்டே இருந்தார். விடுப்பில் ஊர் வந்த வீரர்கள், தொழிற்சாலை வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் என்று கிடைத்தவர்களை வைத்து ஓட்டினார்கள். 1940 டிசம்பரில் மான்செஸ்டர் மீது குண்டு மழை பொழிந்தது. வசந்தம் வந்ததும் மீண்டும் பந்தயம். பிரிட்டனில் ஸ்பீட்வேயின் இழை அறுந்துபோகாமல் இருந்ததற்கு இந்த ஓர் அரங்கு பெரிய காரணம்.

பிரெஸ்லாவில் போர் கடைசியில்தான் வந்து சேர்ந்தது, ஆனால் மொத்தமாக வந்தது. ஹிட்லர் நகரத்தைக் கோட்டை என்று அறிவித்தான். 1945 பிப்ரவரி முதல் மே 6 வரை சோவியத் படை முற்றுகையிட்டது. சரணடைந்தபோது நகரின் பெரும்பகுதி இடிபாடு. பிறகு எல்லைக்கோடு நகர்ந்தது, ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள், போலந்து தன் கிழக்கில் இழந்த லிவீவ் முதலிய ஊர்களிலிருந்தும், நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினார்கள். அரங்கைக் கட்டியவர்கள், அதில் கைதட்டியவர்கள் யாருமே ஊரில் இல்லை. அரங்கு மட்டும் இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்த ஒரு நகரத்துக்குப் பாட்டன் காலத்துக் கால்பந்து அணி இருக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் புதியவர்கள். அந்த வெற்றிடத்தில் ஸ்பீட்வே வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் நினைக்கிறேன். போலந்தின் மேற்கில், 1945-க்கு முன் ஜெர்மனியில் இருந்த கோஜுஃப், ஜெலோனா கூரா போன்ற ஊர்களிலும் ஸ்பீட்வே இதே வீச்சில் வேரோடியதைப் பார்த்தால் இந்த எண்ணம் வலுப்படுகிறது. லெஷ்னோ, தோருன், பிட்கோஷ்ச் போன்ற பழைய போலந்து ஊர்களிலும் அது செழித்தது என்பதால், இதையே முழுக் காரணம் என்று சொல்லவும் முடியாது. எப்படியானாலும், 1950-களின் தொடக்கத்திலேயே வ்ரோத்ஸ்வாஃபில் பந்தயம் சூடு பிடித்துவிட்டது. ஓட்டக்காரர்களுக்காகப் போட்ட நீள்வட்டம் மோட்டார் சைக்கிளுக்குத் தோதாக இருந்தது. கம்யூனிச ஆட்சியில் விளையாட்டுக் கழகங்கள் தொழிற்சாலை, தொழிற்சங்கம், ராணுவம் இவற்றின் நிழலில் இருந்தன. எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையும் மெக்கானிக்கும் ஆலையின் கணக்கில் கிடைப்பது இந்த விளையாட்டுக்குச் சின்ன வசதி அல்ல. அரங்கு அரசாங்கத்துடையது, வாடகை கட்டவில்லை என்று வெளியே போகச் சொல்ல யாரும் இல்லை.

உலக அணிக் கோப்பையின் இறுதி 1961-லும் 1966-லும் இங்கே நடந்தது. இரண்டையும் போலந்தே வென்றது. 1970-ல் தனிநபர் உலக இறுதிப் போட்டி முதல் முறையாகப் போலந்துக்கு வந்தபோது, அதற்கும் இந்த அரங்கையே தேர்ந்தெடுத்தார்கள். 1936 முதல் லண்டனின் வெம்ப்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்த போட்டி அது. ஸ்வீடனைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

அந்த 1970 செப்டம்பர் 6-ம் தேதிதான் நம் இரண்டு அரங்குகளும் நேருக்கு நேர் சந்தித்தன. நியூசிலாந்துக்காரர் ஐவன் மாகர் அன்று பெல் வியூ அணியின் முதன்மை வீரர். முந்தைய இரண்டு ஆண்டுகளும் உலகச் சாம்பியன். மூன்றாம் முறையும் தொடர்ந்து வென்றால் அவருடைய வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருவதாக அமெரிக்க நண்பர்கள் இருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எதிரே சொந்த மண்ணில் போலந்து வீரர்கள், சுற்றிலும் போலந்துக் கூட்டம். மாகர் ஐந்து ஹீட்டிலும் முதலிடம் பிடித்து 15 புள்ளி எடுத்தார். பாவெல் வலோஷெக்குக்கு 14, அந்தோனி வோரினாவுக்கு 13. வண்டிக்குத் தங்க முலாமும் பூசப்பட்டது. இப்போது கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி அருங்காட்சியகத்தின் உடைமை. ஆறு ஆண்டு கழித்து, சைலீசியாவின் இன்னொரு பெரிய அரங்கில், ஹோஷுஃப் நகரில், பெல் வியூவின் பீட்டர் காலின்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். ஹைட் ரோடு வளர்த்த, ஆதரித்த வீரர்களுக்குச் சைலீசிய மண் கைகொடுத்திருக்கிறது.

அந்த ஆண்டுகளில் யாராவது இரண்டு அரங்குகளில் எது நிலைக்கும் என்று பந்தயம் கட்டியிருந்தால், பணம் முழுக்க மான்செஸ்டர் மீது போயிருக்கும். 1970, 71, 72 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பெல் வியூ லீக் சாம்பியன். 1955-லும் 1962-லும் உலகப் பட்டம் வென்ற பீட்டர் கிரேவனின் நினைவு அங்கே ஒவ்வோர் ஆண்டும் தனிப் போட்டியாக நடந்தது. லிவர்பூலில் பிறந்து பெல் வியூவுக்கு ஓடியவர் அவர். 1963 செப்டம்பரில் எடின்பரோவில், முன்னால் விழுந்தவர் மேல் ஏறாமல் இருக்க வண்டியை ஒடித்து, வேலியில் மோதி, நான்கு நாள் கழித்து இறந்தார். இந்த மாதிரியான நினைவுகள் ஓர் அரங்கில் நாற்பது ஆண்டு சேர்ந்தால், அதை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை ரசிகருக்கு வந்துவிடுகிறது.

நிலத்தின் சொந்தக்காரருக்கு அந்த நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமில்லை. பெல் வியூ வளாகம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1958-ல் ஒரு தீ விபத்து நடனக்கூடத்தைச் சுட்டெரித்தது. தொலைக்காட்சி வந்தது, கார் வந்தது, மான்செஸ்டர் குடும்பங்கள் விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் பறக்கத் தொடங்கின. 1977 செப்டம்பரில் மிருகக்காட்சிசாலையை மூடினார்கள். ராட்டினங்கள் போயின. குத்துச்சண்டையும் சர்க்கஸும் நடந்த கிங்ஸ் ஹால் 1982-ல் மூடியது. வளாகம் துண்டு துண்டாகக் கரைந்தபோது ஸ்பீட்வே அரங்கும் ஒரு துண்டுதான். 1982-ல் அணி மீண்டும் லீக்கை வென்றது. அதே காலத்தில் அரங்கு தனியார் ஒருவர் கைக்குப் போனது. ஐந்தாண்டு கழித்து அவர் அதைக் கார் ஏல நிறுவனத்துக்கு விற்றார். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. அவர் நிலம், அவர் விலை. 1987 நவம்பர் 1 அன்று கடைசி ஸ்பீட்வே பந்தயம் நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அரங்கு ஸ்பீட்வேக்கென்று கட்டப்பட்டதே அதற்கு எமனாக முடிந்தது என்பது. ஒரே வேலைக்கான கட்டடத்தை விற்பது எளிது. அந்த வேலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் அழமாட்டார்கள். வ்ரோத்ஸ்வாஃப் அரங்கில் உடற்கல்விப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருந்தது, தடகளத்துக்குப் பங்கு இருந்தது, நகரின் வரலாற்றுக் கட்டடம் என்ற மதிப்பும் இருந்தது. பல பேர் கை வைத்த சொத்தை ஒருவர் தனியாக விற்க முடியாது.

ஹைட் ரோடு தனிக் கதையும் அல்ல. லண்டனின் ஒயிட் சிட்டி அரங்கு 1980-களில் இடிக்கப்பட்டு, அந்த இடம் பிபிசிக்குப் போனது. விம்பிள்டனின் பிளவ் லேன் அரங்கு இருந்த இடத்தில் இப்போது கால்பந்து அரங்கு. ஹாக்னி அரங்கு இருந்த நிலத்தில் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஊடக மையம் எழுந்தது. கவென்ட்ரியின் பிராண்டன் 2016-க்குப் பிறகு அணியில்லாமல் நின்றது. பிரிட்டனில் ஸ்பீட்வே நடத்துபவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த அரங்கு இல்லை. நாய்ப் பந்தய முதலாளியிடம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அவர்கள். நாய்ப் பந்தயம் சரிந்ததும், நகர நிலத்தின் விலை ஏறியதும், குத்தகையைப் புதுப்பிக்க யாரும் மெனக்கெடவில்லை.

பெல் வியூ அணியும் அதே பாதையில்தான் போனது. 1988-ல், அறுபது ஆண்டுக்கு முன் தொடங்கிய அதே கிர்க்மன்ஷூம் லேன் நாய்ப் பந்தய அரங்குக்குத் திரும்பினார்கள். நாய்களுக்கு முதல் உரிமை; மிச்ச நாளில் மோட்டார் சைக்கிள். 1993-ல் அங்கிருந்தும் லீக்கை வென்றார்கள். ஆனாலும் ஹைட் ரோட்டின் அகலமான வளைவுகளை நினைத்துப் பெருமூச்சு விடுவதைப் பழைய ரசிகர்கள் நிறுத்தவே இல்லை.

அதே 1993, 94, 95 ஆண்டுகளில் வ்ரோத்ஸ்வாஃபின் ஸ்பார்டா போலந்தின் சாம்பியன். கம்யூனிச ஆட்சி 1989-ல் போயிருந்தது. ஆலைகளின் நிழல் இல்லை. அந்த இடத்தைத் தனியார் விளம்பரதாரர்கள் பிடித்தார்கள். வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவு திறந்தது. 1992-ல் உலக இறுதி மறுபடி இங்கே. இங்கிலாந்தின் கேரி ஹேவ்லாக் வென்றார். ஒரே நாள் இறுதிப் போட்டியை விட்டுவிட்டுப் பல ஊர்களில் தொடராக நடத்தும் கிராண்ட் பிரி முறை 1995-ல் வந்தபோது, அதன் முதல் போட்டியும் இந்த அரங்கில்தான். தோமாஷ் கோலோப் வென்றார்.

ஆனால் பொதுச் சொத்து என்றால் எல்லாம் இனிக்கும் என்று எழுதினால் அது பொய். நகரத்தின் அரங்கில் குடியிருப்பது என்றால் நகரத்தின் கால அட்டவணைக்குக் கட்டுப்படுவது. 2017-ல் வ்ரோத்ஸ்வாஃப் உலக விளையாட்டுகளை நடத்த வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் இடம் பெறாத விளையாட்டுகளுக்கான பெருவிழா அது. அதற்காகவே அரங்கு முழுப் புதுப்பிப்புக்குப் போனது. 2016-ல் ஸ்பார்டா தன் ஊர்ப் போட்டிகளை போஸ்னானில் போய் நடத்தியது. திரும்பி வந்தபோது பழைய சரிவுப் படிகள் இருந்த இடத்தில் வசதியான இருக்கைகள், புதிய விளக்குகள், ஆனால் முன்பு கொண்ட கூட்டத்தில் சிறு பங்குக்குத்தான் இடம். நடுப் புல்வெளியில் இப்போது அமெரிக்கக் கால்பந்தும் ஆடுகிறார்கள். நகராட்சி பணம் போட்டது ஸ்பீட்வேயின் மேல் உள்ள காதலால் மட்டும் அல்ல. ஒரு பன்னாட்டு விழாவின் கெடு நெருங்கியது என்பதால். ஸ்பீட்வேக்கு அதனால் லாபம்.

தோருன் நகரம் இதைவிடக் கணக்காக நடந்துகொண்டது. அந்த ஊரின் பழைய ஸ்பீட்வே அரங்கு இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. அதாவது மான்செஸ்டரில் நடந்ததேதான். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. முதலில் மோட்டோஅரேனா என்ற புதிய அரங்கு 2009-ல் திறந்தது, பார்வையாளர் வரிசைக்கெல்லாம் கூரை போட்டு. வணிக வளாகம் அதன் பிறகு. அரங்குக்குப் போகும் தெருவுக்கு ஸ்வீடன் வீரர் பெர் யோன்சனின் பெயர். 1990-ன் உலகச் சாம்பியன், தோருன் அணிக்காக ஓடி, 1994-ல் விழுந்து நடக்க முடியாமல் போனவர். 

மான்செஸ்டர் இந்தப் பாடத்தைப் படிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. 2016-ல் நகராட்சியின் முயற்சியில், சுமார் 80 லட்சம் பவுண்டு செலவில், கிர்க்மன்ஷூம் லேனிலேயே தேசிய ஸ்பீட்வே அரங்கு கட்டி முடிந்தது. திறப்புக்கு மார்ச் 19, பீட்டர் கிரேவன் நினைவுப் போட்டி. கூட்டம் வந்து உட்கார்ந்தது. தடம் ஓட்டுவதற்குத் தகுதியாக இல்லை என்று வீரர்கள் சொன்னார்கள், போட்டி ரத்தானது. எல்லோரும் ஒரு ஹீட்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினார்கள். அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு கடைசியில், அணியை நடத்தியவர்களோடு நகராட்சி குத்தகையை முறித்துக்கொண்டது.

1987-ல் இப்படி ஒரு சிக்கல் வந்திருந்தால் அடுத்த வாரமே நிலத்தரகர் வந்திருப்பார். 2017-ல் அணி வேறு கைகளுக்குப் போனது, பந்தயம் தொடர்ந்தது. 2020-ல் பக்கத்து நாய்ப் பந்தய அரங்கு மூடப்பட்டது. ஸ்பீட்வே அரங்குக்கு ஒரு கீறலும் விழவில்லை. 2022-ல் ஏஸஸ் மீண்டும் லீக் சாம்பியன்.

பிரிட்டனிலிருந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஒரே வீரர் டாய் வொஃபிண்டன்: 2013, 2015, 2018. அந்த மூன்று பட்டங்களும் அவர் ஸ்பார்டாவுக்கு ஓடிய காலத்தில் வந்தவை. கிரேவனுக்கு ஹைட் ரோடு எப்படியோ, வொஃபிண்டனுக்கு வ்ரோத்ஸ்வாஃப் அப்படி. 2021 அக்டோபரில் மான்செஸ்டரின் புதிய அரங்கில் நடந்த நாடுகளுக்கிடையிலான உலகப் போட்டியில் பிரிட்டன் 32 ஆண்டுக்குப் பிறகு அணிப் பட்டம் வென்றபோது, அந்த அணியில் வொஃபிண்டனோடு டேன் பியூலியும் இருந்தார். பியூலி அந்தப் பருவத்தில் பெல் வியூவுக்கும் ஓடினார், ஸ்பார்டாவுக்கும் ஓடினார்.

இரண்டு அணிக்கும் ஒருவரே ஓட முடிவதற்கு ஒரு காரணம் கால அட்டவணை. போலந்தின் முதல்நிலை லீக் வெள்ளியும் ஞாயிறும் நடக்கிறது. சம்பளமும் அங்கேதான் அதிகம். நல்ல வீரர்கள் வார இறுதியில் போலந்தை விட்டு அசைவதில்லை. ஆகவே பிரிட்டனின் முதல்நிலை லீக் தன் பந்தயங்களைப் பெரும்பாலும் திங்களுக்கும் வியாழனுக்கும் தள்ளி வைத்துக்கொண்டது. போர்க்காலத்தில்கூட விட்டுக்கொடுக்காத சனிக்கிழமையை விட்டு, பெல் வியூ இப்போது வேலை நாள் மாலையில் வாயிலைத் திறக்கிறது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் பதினைந்தாவது ஹீட் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.